மிஸ்ப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய நிறுவனங்களின் ஐடி குழுக்கள், வங்கிகளில் கணினிப் பாதுகாப்பைக் கவனிப்பவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று சைபர் தாக்குதல் தகவலைப் பகிர உதவும் மிஸ்ப் (MISP) மென்பொருளை நிறுவ முனையும் யாரிடம் பேசினாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஏற்கெனவே நிறுவிவிட்டவர்கள் நேராக 7ஆம் கேள்விக்குப் போகலாம். நேரம் இல்லாதவர்கள் 8ஐ மட்டுமாவது படித்துவிடுங்கள்.

1. மிஸ்ப்னா என்ன சார்? ஃபயர்வால் மாதிரியா, ஆன்ட்டிவைரஸ் மாதிரியா?

இரண்டும் இல்லை. மிஸ்ப் எதையும் தடுக்காது, எந்தக் கணினியையும் ஸ்கேன் செய்யாது. சைபர் தாக்குதல்களைப் பற்றிய தகவலைச் சேர்த்து வைக்கவும், ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவும், நம்பிக்கையானவர்களோடு பகிர்ந்துகொள்ளவும் உதவும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் அது. ஒரு போலி மின்னஞ்சல் வருகிறது. அதில் ஓர் இணைப்பு. அது ஓர் ஐபி முகவரிக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு கோப்பு இறங்குகிறது. இவை நான்கும் நான்கு தடயங்கள். நான்கும் ஒரே சம்பவத்தைச் சேர்ந்தவை என்ற விவரத்தோடு சேர்த்து வைக்கும் இடம்தான் மிஸ்ப்.

தடுக்கும் வேலையை உங்களிடம் இருக்கும் ஃபயர்வால், டிஎன்எஸ் சர்வர் (டொமைன் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது), சுரிகாட்டா (வலைப்பின்னலில் தாக்குதலைக் கண்டறியும் மென்பொருள்) போன்றவை செய்யும். எதைத் தேட வேண்டும் என்று அவற்றுக்குச் சொல்வது மிஸ்ப். "மிஸ்ப் போட்டாச்சு, இனிமே கவலையில்லை" என்று மேலதிகாரிக்கு யாரும் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

2. நாங்க எல்லா ஐபியையும் எக்செல்ல வச்சிருக்கோம். அது போதாதா?

ஐம்பது வரி இருக்கும்வரை போதும். அதற்குமேல் எக்செல் உங்களிடம் எதையும் சொல்லாது. நீங்கள்தான் அதில் தேட வேண்டும். இன்று ஓர் ஐபியை மிஸ்ப்பில் பதிந்தால், அதே ஐபி எட்டு மாதம் முன்பு வேறொரு சம்பவத்தில் வந்திருப்பதை அதுவாகவே பக்கத்தில் காட்டும். அந்தப் பழைய சம்பவத்தைப் பதிந்தவர் வேலையை விட்டே போயிருக்கலாம், பதிவு இருக்கிறது. இந்தப் பொருத்தத்தைக் கோரிலேஷன் என்கிறார்கள். மிஸ்ப்பைத் திறக்க இது ஒன்றே போதுமான காரணம் என்பேன்.

இன்னொன்று, எக்செல் கோப்பை ஃபயர்வால் படிக்காது. மிஸ்ப்பில் மற்ற மென்பொருள்கள் தகவலை எடுக்க ஏபிஐ இருக்கிறது, பைமிஸ்ப் என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது, சுரிகாட்டா விதிகளாகவும் டிஎன்எஸ் தடைப்பட்டியலாகவும் தகவலை எடுத்துக்கொள்ளலாம்.

3. இலவசம்னு சொல்லி பழக்கிட்டு நாளைக்குக் காசு கேட்டா என்ன பண்றது?

நியாயமான பயம். இந்தத் துறையிலேயே அது நடந்திருக்கிறது. சம்பவங்களைக் கையாளப் பலரும் பயன்படுத்திய தி ஹைவ் என்ற மென்பொருள் ஓப்பன் சோர்ஸாக இருந்து, 2022இல் வந்த 5ஆம் பதிப்பில் வணிக உரிமத்துக்கு மாறியது. பழைய பதிப்புகளை நம்பியிருந்தவர்கள் மாற்று தேடி ஓட வேண்டியதாயிற்று.

மிஸ்ப்பின் நிலை வேறு. 2011இல் பெல்ஜியப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்த கிறிஸ்டோஃப் வான்டெப்லாஸ், தடயங்கள் மின்னஞ்சலிலும் பிடிஎஃப்பிலும் வந்து குவிவதையும் அவற்றை எந்தக் கருவியும் படிக்க முடியாததையும் பார்த்து இதை எழுதத் தொடங்கினார். அப்போது இதன் பெயர் சைடெஃப்சிக். பிறகு நேட்டோ கைகொடுத்தது. இப்போது லக்சம்பர்க்கில் உள்ள சர்கிள் என்ற கணினி அவசர உதவி மையம் முன்னின்று வளர்க்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியும் இதற்கு வந்திருக்கிறது. உரிமம் ஏஜிபிஎல் 3, அதாவது நிரலைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லும் ஓப்பன் சோர்ஸ் உரிமம். நிரலின் காப்புரிமை ஒரே நிறுவனத்திடம் இல்லாமல் எழுதிக்கொடுத்த பலரிடமும் பரவிக் கிடக்கிறது. எல்லோரையும் சம்மதிக்க வைக்காமல் உரிமத்தை யாரும் மாற்றிவிட முடியாது. ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் உரிமத்தின் பெயரோடு நிற்காமல், காப்புரிமை யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள்.

4. ஓப்பன்சிடிஐ பார்க்க அழகா இருக்கே, அதைப் போட்டா என்ன?

போடலாம், அதுவும் தாக்குதல் தகவலைச் சேர்த்து வைக்கும் நல்ல மென்பொருள்தான். 2019இல் பிரான்ஸிலிருந்து வந்தது, இப்போது ஃபிலிக்ரான் நிறுவனம் நடத்துகிறது. தாக்குதல் தகவலை எழுதுவதற்கான ஸ்டிக்ஸ் 2 என்ற தரத்தை அடித்தளமாக வைத்துக் கட்டப்பட்டது. எந்தக் குழு, எந்தத் துறையை, எந்த உத்தியில் தாக்குகிறது என்ற உறவுகளை வரைபடமாகப் பார்க்க அதுதான் வசதி. ஆனால் எலாஸ்டிக்சர்ச், ரெடிஸ், ரேபிட்எம்க்யூ என்று பின்னால் வேறு மென்பொருள்களின் ஒரு படையே ஓட வேண்டும். அதைப் பராமரிக்க ஆள் வேண்டும்.

என் கருத்து இது: தடயங்களை வாங்கவும் கொடுக்கவும் கருவிகளுக்கு ஊட்டவும் மிஸ்ப், தாக்குபவர்களைப் பற்றி அறிக்கை எழுதும் ஆய்வாளர்கள் தனியாக இருந்தால் அதன்மேல் ஓப்பன்சிடிஐ. இரண்டையும் இணைக்கக் கனெக்டர் இருக்கிறது. ஒன்றைத்தான் பராமரிக்க முடியும் என்றால் மிஸ்ப்பில் தொடங்குங்கள்.

5. எப்படிப்பட்ட சர்வர் வேணும்?

கற்றுக்கொள்ள 8 ஜிபி நினைவகம் உள்ள ஓர் உபுண்டு மெய்நிகர் கணினி தாராளம். டாக்கர் படிமமும் கிடைக்கிறது. நிறுவியதும் முதல் வேலை, எல்லோருக்கும் தெரிந்த அந்த ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றுவது. இணையத்தில் நேரடியாகத் திறந்து வைக்காதீர்கள், விபிஎன்னுக்குப் பின்னால் வையுங்கள். உங்கள் நிறுவனம் எங்கெங்கே அடி வாங்கியது என்ற முழு விவரமும் அந்த ஒரே சர்வரில்தான் இருக்கப்போகிறது.

6. ஈவென்ட், அட்ரிப்யூட், ஆப்ஜெக்ட், கேலக்ஸி... தலை சுத்துது. ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.

கணக்குப் பிரிவில் ஒருவருக்கு "ஜிஎஸ்டி நிலுவை" என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது, மேக்ரோ (கோப்புக்குள் ஓடக்கூடிய சிறு நிரல்) உள்ள எக்செல் கோப்பு அதோடு இருக்கிறது என்று வையுங்கள். முதலில் ஒரு ஈவென்ட், அதாவது அந்தச் சம்பவத்துக்கான பதிவு, திறக்கிறீர்கள். தலைப்பில் "ஃபிஷிங்" என்று மட்டும் எழுதாதீர்கள். நூறு ஈவென்ட் சேர்ந்தபின் எது எது என்றே தெரியாது. "ஜிஎஸ்டி நிலுவை என்ற பெயரில் போலி மின்னஞ்சல், மேக்ரோ உள்ள எக்செல்" என்று எழுதுங்கள். அனுப்பியவரின் முகவரி ஓர் அட்ரிப்யூட், அதாவது ஒரு தடயம். மேக்ரோ தொடர்புகொண்ட ஐபி இன்னோர் அட்ரிப்யூட். எக்செல் கோப்புக்கு மூன்று விவரங்கள்: பெயர், அளவு, ஷா-256 ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்). மூன்றும் ஒரே பொருளைப் பற்றியவை, அதனால் கோப்பு என்ற ஆப்ஜெக்டில் சேர்த்துப் போடுகிறீர்கள். கேலக்ஸி என்பது பெரிய படம்: தாக்குதல் உத்திகளைத் தொகுத்துத் தரும் மைட்டர் அட்டாக் பட்டியலிலிருந்து டி1566.001, அதாவது இணைப்புக் கோப்போடு குறிப்பிட்ட ஆளைக் குறிவைத்த ஃபிஷிங், என்ற உத்தியை ஒட்டுகிறீர்கள்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று: மின்னஞ்சலைப் பெற்ற உங்கள் ஊழியரின் முகவரி. அதைப் பதியலாம், ஆனால் அதற்கு மட்டும் பகிர்வு எல்லையை "என் நிறுவனம் மட்டும்" என்று தனியாகப் போடுங்கள். ஈவென்ட் வெளியே போனாலும் அந்த ஒரு வரி போகாது. ஊழியரின் பெயரைக் காப்பது நம் பொறுப்பு.

ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. ஒரு முழு அறிக்கையை ஒட்டினால் அதிலுள்ள தடயங்களை ஃப்ரீடெக்ஸ்ட் இம்போர்ட் பிரித்தெடுக்கும். தெரியாமல் யாரும் கிளிக் செய்துவிடக்கூடாது என்பதற்காக டொமைனின் புள்ளியைச் சதுர அடைப்புக்குள் போட்டு எழுதுவார்களே, அதையும் புரிந்துகொண்டு சரியாக்கிவிடும். பிரித்ததை ஒருமுறை பார்த்தபின் சேமியுங்கள். அறிக்கை எழுதிய நிறுவனத்தின் சொந்த இணையதள முகவரியும் "தடயமாக" உள்ளே வந்திருக்கும்.

7. ஃபீட் லிஸ்ட்ல நிறைய இருக்கு. எல்லாத்தையும் ஆன் பண்ணிடலாமா?

வேண்டாம். ஃபீட் என்பது வெளியாட்கள் தொடர்ந்து வெளியிடும் தடயத் தொகுப்பு. முதலில் சர்கிள் தரும் திறந்த ஃபீட் ஒன்றை மட்டும் எடுங்கள். அதில் ஈவென்ட்டுகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பதே நல்ல பாடம். அடுத்து, தீங்கிழைக்கும் யூஆர்எல்களுக்கு அப்யூஸ் டாட் சிஎச் என்ற அமைப்பு தரும் யூஆர்எல்ஹவுஸ்.

எல்லாவற்றையும் திறந்தால் லட்சக்கணக்கில் வந்து விழும். கோரிலேஷன் பட்டியல் எதற்கெடுத்தாலும் ஏதாவது ஒன்றைக் காட்டும், உங்கள் சொந்த ஈவென்ட் அதில் காணாமல் போகும். ஒரு ஃபீடைச் சேர்க்கும்முன் அதில் வரும் தடயங்கள் உங்கள் லாகில் (கணினிகளின் செயல்பாட்டுப் பதிவில்) ஒன்றாவது எப்போதாவது பட்டதா என்று சோதியுங்கள். ஒரு ஃபீடை ஈவென்ட்டுகளாகச் சேமிக்காமலேயே உங்கள் மிஸ்ப்பில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி இருக்கிறது. கேஷ் செய்தால் போதும்.

8. மிஸ்ப்ல இருக்கற எல்லா ஐபி, டொமைனையும் தானா ஃபயர்வால்ல பிளாக் ஆகற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதிடலாமா?

எல்லோரும் கேட்பதும் இதுதான், நான் மிகவும் அஞ்சுவதும் இதுதான். 2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் பரவியபோது நடந்ததைப் பாருங்கள். அந்தப் புழு ஒரு கணினிக்குள் நுழைந்ததும், அர்த்தமில்லாத நீண்ட எழுத்துக் கோர்வையாக இருந்த ஒரு டொமைனைத் தொடர்புகொள்ள முயலும். பதில் கிடைத்தால் அங்கேயே நின்றுவிடும். கிடைக்காவிட்டால் கோப்புகளைப் பூட்டத் தொடங்கும். மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற ஆய்வாளர் அந்த டொமைனைப் பதிவு செய்ததும் பரவல் பெருமளவு அடங்கியது.

இப்போது அந்த டொமைனை ஒரு தடயமாக நினைத்துப் பாருங்கள். வானாக்ரையோடு தொடர்புள்ள டொமைன் என்பது நூற்றுக்கு நூறு உண்மை. உங்கள் ஸ்கிரிப்ட் அதை எடுத்து டிஎன்எஸ்ஸில் தடுத்துவிட்டால் என்ன ஆகும்? புழுவுக்குப் பதில் கிடைக்காது, உங்கள் கணினிகளைப் பூட்டும். தடுத்ததே வினையாகிவிடும். "இதைத் தடுக்காதீர்கள், யார் இதைத் தொடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்" என்ற ஒரு வரிக் குறிப்பு அந்த டொமைனைவிட மதிப்பு வாய்ந்தது. தடயத்தோடு அதன் விவரமும் வர வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். வெறும் பட்டியல் உளவுத் தகவல் ஆகாது.

இதற்காகவே ஒவ்வோர் அட்ரிப்யூட்டிலும் டு-ஐடிஎஸ் என்ற கொடி இருக்கிறது. கண்டறியும் கருவிகளுக்கு அனுப்பத் தகுந்தது என்று பதிந்தவர் கருதினால்தான் அது இருக்க வேண்டும். ஆனால் கண்டறிவது வேறு, தடுப்பது வேறு. முதல் சில மாதங்கள் கொடியுள்ளவற்றை எச்சரிக்கை தர மட்டும் பயன்படுத்துங்கள். தானாகத் தடுப்பதாக இருந்தால், நீங்களே பார்த்து ஒரு தனி டேக் ஒட்டியவற்றை மட்டும் ஸ்கிரிப்ட் எடுக்கட்டும். ஐபி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஒரே ஐபியில் ஆயிரக்கணக்கான தளங்கள் இருக்கும், அதில் ஒன்று உங்கள் வங்கியின் பணப்பரிவர்த்தனைப் பக்கமாகவும் இருக்கலாம்.

9. ஒரு ஈவென்ட்ல 8.8.8.8 இருக்கு. கூகுள் டிஎன்எஸ் எப்படித் தடயமாகும்?

ஆகாது. தீநிரலை யாரோ ஆய்வுக்கூடத்தில் ஓட விட்டிருப்பார்கள், அது தொட்ட எல்லா ஐபியும் அப்படியே பதிவாகியிருக்கும். உள்வலைப்பின்னலின் 192.168 முகவரிகள், உள்ளே எதுவுமே இல்லாத வெற்றுக் கோப்பின் ஹாஷ் ஆகியவையும் இப்படித்தான் வந்து சேர்கின்றன. அந்த வெற்று ஹாஷைத் தேடினால் உங்கள் எல்லாக் கணினிகளிலும் "தீநிரல்" கிடைக்கும்.

இதற்கு வார்னிங்லிஸ்ட் இருக்கிறது. பொதுப் பயன்பாட்டு டிஎன்எஸ்கள், பிரபலமான தளங்கள், தனியார் ஐபி வரம்புகள் எல்லாம் பட்டியலாகவே வருகின்றன. அவற்றை இயக்கி வையுங்கள். திரையில் எச்சரிக்கை வந்தால் மட்டும் போதாது. ஏபிஐ வழியாக எடுக்கும்போதும் வார்னிங்லிஸ்ட்டில் உள்ளவற்றை விலக்கும் தேர்வைச் சேர்க்க வேண்டும். உங்கள் நிறுவனத்தின் சொந்த டொமைன்களையும் ஐபிகளையும் கொண்டு நீங்களே ஒரு பட்டியல் தயாரித்துக்கொள்ளுங்கள்.

10. மூணு வருஷம் முந்தின ஐபி எல்லாம் இன்னும் கிடக்கு. எப்ப தூக்கறது?

நீக்க வேண்டாம். வரலாறு என்ற அளவில் அதற்கு மதிப்பு உண்டு, 2ஆம் கேள்வியில் சொன்ன பொருத்தம் அதை நம்பித்தான் இருக்கிறது. கருவிகளுக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்தினால் போதும். ஹாஷ் மாறாது, ஐபி கை மாறும். நேற்று தாக்கியவனிடம் இருந்த முகவரி இன்று யாரோ ஒரு கடைக்காரரின் இணையதளத்துக்குப் போயிருக்கும்.

நாளாக நாளாக மதிப்பெண் குறையும்படி அமைக்க டிகேயிங் மாதிரிகள் மிஸ்ப்பிலேயே இருக்கின்றன. எல்லைக்குக் கீழே போனவற்றை ஏற்றுமதியில் விலக்கிவிடலாம். யாராவது "நானும் இதைப் பார்த்தேன்" என்று சைட்டிங் கொடுத்தால் மதிப்பெண் மறுபடி ஏறும். "இது தவறான எச்சரிக்கை" என்றும் சைட்டிங் கொடுக்கலாம். இதைச் செய்பவர்கள் குறைவு, தயவுசெய்து கொடுங்கள். எதிர்முனையில் இருக்கும் ஆய்வாளருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

11. பப்ளிஷ் கொடுத்தா உலகத்துக்கே போயிடுமா?

போகாது. பப்ளிஷ் என்பது "இது தயார்" என்ற அறிவிப்பு. யாருக்குப் போகும் என்பதை டிஸ்ட்ரிப்யூஷன் தீர்மானிக்கிறது (சமூகம் என்பது உங்களோடு மிஸ்ப்பில் தகவல் பகிரும் நிறுவனங்களின் குழு): என் நிறுவனம் மட்டும், இந்தச் சமூகம் மட்டும், இணைந்த சமூகங்கள், எல்லாச் சமூகங்களும், அல்லது நீங்களே பெயர் குறித்து அமைக்கும் ஷேரிங் குரூப். "இணைந்த சமூகங்கள்" என்று கொடுத்தது அடுத்த சர்வருக்குப் போனதும் அங்கே "இந்தச் சமூகம் மட்டும்" என்று ஒரு படி இறங்கிவிடும். அதற்கு அப்பால் தானாகப் பரவாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. "எல்லாச் சமூகங்களும்" என்பதற்கு அப்படி இறக்கம் கிடையாது.

சர்வர் அமைப்பில் இயல்புநிலையை "என் நிறுவனம் மட்டும்" என்று வைத்துவிடுங்கள். பகிர்வது ஒவ்வொரு முறையும் யோசித்துச் செய்யும் செயலாக இருக்கட்டும்.

12. டிஎல்பி ஆம்பர்னு டேக் போட்டாச்சு. அப்புறம் டிஸ்ட்ரிப்யூஷன் எதுக்கு?

டிஎல்பி என்பது ஒரு தகவலை யாரிடமெல்லாம் சொல்லலாம் என்று நிறங்களால் குறிக்கும் முறை. அது மனிதர்களுக்கு, டிஸ்ட்ரிப்யூஷன் மென்பொருளுக்கு. சிவப்பு என்று டேக் ஒட்டிவிட்டு "எல்லாச் சமூகங்களும்" என்று தேர்ந்தெடுத்தால் மிஸ்ப் அனுப்பிவிடும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. 2022 ஆகஸ்ட்டில் வந்த டிஎல்பி 2.0இல் வெள்ளை என்பது கிளியர் ஆனது, ஆம்பர் பிளஸ் ஸ்ட்ரிக்ட் சேர்ந்தது. வெறும் ஆம்பர் என்றால் பெற்றவர் தம் நிறுவனத்துக்குள்ளும் தம் வாடிக்கையாளர்களிடமும் தேவைக்கேற்பச் சொல்லலாம்; ஸ்ட்ரிக்ட் என்றால் நிறுவனத்தோடு நிற்க வேண்டும். வாடிக்கையாளர்களுக்குப் பாதுகாப்புச் சேவை தரும் நிறுவனங்கள் இந்த வேறுபாட்டை மனப்பாடமாகவே வைத்திருக்க வேண்டும்.

13. நாங்க ஷேர் பண்ணா "அவங்க கம்பெனி ஹேக் ஆயிடுச்சு"ன்னு பேசுவாங்களே?

ஈவென்ட்டில் உருவாக்கிய நிறுவனத்தின் பெயர் இருக்கும், அதனால் தயக்கம் புரிகிறது. இதற்கு டெலிகேஷன் என்ற வசதி இருக்கிறது. நீங்கள் தயாரித்த ஈவென்ட்டை நம்பிக்கையான வேறொரு நிறுவனத்திடம், பெரும்பாலும் சமூகத்தை நடத்துபவர்களிடம், ஒப்படைக்கலாம். அவர்கள் ஏற்றுக்கொண்டால் அவர்கள் பெயரில் வெளியாகும். ஒப்படைக்கும்முன் கோப்புப் பெயர்கள், பயனர் பெயர்கள், உள் சர்வர் பெயர்கள் ஏதாவது உங்களைக் காட்டிக்கொடுக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள்.

தடயம் பதிந்தவர் தாக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வாசலிலேயே மறித்த ஃபிஷிங்கையும் பகிரலாம். பகிரப்படுவதில் பெரும்பகுதி அதுதான்.

14. தெரியாம வாடிக்கையாளர் விவரத்தையும் சேர்த்து அனுப்பிட்டோம். திரும்ப எடுக்க முடியுமா?

முழுமையாக முடியாது. அட்ரிப்யூட்டை நீக்கி மறுபடி பப்ளிஷ் செய்தால், நீக்கப்பட்டது என்ற செய்தி இணைந்த சர்வர்களுக்கும் போகும். மென்நீக்கம் அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் இடையில் யாராவது பதிவிறக்கியிருந்தால், மின்னஞ்சலில் பெற்றிருந்தால், அது அவர்களிடமே இருக்கும். உடனே நீக்குங்கள், சமூகத்தை நடத்துபவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், உங்கள் சட்டப் பிரிவுக்கும் தெரிவியுங்கள். இதற்குத் தடுப்பு 11ஆம் பதிலின் கடைசிப் பத்தியில் இருக்கிறது.

15. வேறொருத்தர் போட்ட ஈவென்ட்ல தப்பு இருக்கு. எடிட் பண்ண விடமாட்டேங்குதே?

விடாது, விடவும் கூடாது. ப்ரொப்போசல் அனுப்புங்கள்; உருவாக்கியவர் ஏற்கலாம், மறுக்கலாம். கூடுதல் தகவல் நிறைய இருந்தால் அவருடைய ஈவென்ட்டை நீட்டிக்கும் ஒன்றை உங்கள் பெயரில் உருவாக்கலாம். இரண்டும் சேர்ந்தே திரையில் தெரியும்.

16. சர்ட்-இன் 6 மணி நேரத்துல சொல்லணும்கறாங்களே. மிஸ்ப்ல போட்டா சொன்ன மாதிரி ஆகுமா?

ஆகாது. இந்திய அரசின் கணினி அவசர உதவி மையமான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, பட்டியலிடப்பட்ட வகைச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களிடமே தெரிவிக்க வேண்டும். அது சட்டக் கடமை. மிஸ்ப்பில் சமூகத்தோடு பகிர்வது அதற்கு மாற்று இல்லை. ஈவென்ட்டைச் சரியாக எழுதியிருந்தால் அறிக்கை தயாரிக்கும் நேரம் மிச்சமாகும், அவ்வளவே.

அதே உத்தரவில் இன்னொரு விதி: லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இதைச் சுமையாக மட்டும் பார்க்காதீர்கள். இன்று வரும் தடயம் ஒன்று மூன்று மாதம் முன்பே உங்கள் வாசலைத் தாண்டியிருக்கலாம். புதிதாக வந்தவற்றை முன்னோக்கி மட்டும் தேடாமல், அந்த 180 நாளிலும் பின்னோக்கித் தேடும் வேலையை வாரம் ஒருமுறையாவது தானாக ஓடும்படி அமையுங்கள். ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவனைப் பிடிக்கக் கையிலிருக்கும் மலிவான வழி இதுதான்.

17. நாங்க மொத்தமே ரெண்டு பேர். இதெல்லாம் யார் தினமும் பார்ப்பா? தனியா வச்சிருந்தாப் பிரயோஜனம் உண்டா?

உண்டு. உங்கள் சொந்தச் சம்பவங்களை மட்டும் ஒழுங்காகப் பதிந்தாலே 2ஆம் பதிலில் சொன்ன பலன் கிடைக்கும். வந்த ஃபிஷிங் மின்னஞ்சல்களில் ஏதேனும் ஒன்றையாவது 6இல் காட்டியபடி முழுமையாகப் பதியுங்கள். வார்னிங்லிஸ்ட், டாக்ஸானமி (டேக்குகளின் தொகுப்பு), கேலக்ஸி ஆகியவை தானாகப் புதுப்பிக்கும்படி வேலைகளை அட்டவணையிடுங்கள். ஃபீட் ஒன்று போதும். தானாகத் தடுப்பது எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

சமூகம் என்று வரும்போது, சர்கிள் தனியார் துறைக்காக நடத்தும் சமூகத்துக்கு விண்ணப்பிக்கலாம், சரிபார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். கணினி அவசர உதவிக் குழுக்களின் உலகளாவிய கூட்டமைப்பான ஃபர்ஸ்ட் அமைப்பின் உறுப்பினராக இருந்தால் அங்கும் ஒரு மிஸ்ப் உண்டு. இவற்றுக்கு முன்னால், உங்களைப் போலவே அதே தொழிலில், அதே அளவில் இருக்கும் இரண்டு நிறுவனங்களிடம் பேசிப் பாருங்கள். உங்கள் கணக்குப் பிரிவுக்கு வரும் அதே போலி ஜிஎஸ்டி மின்னஞ்சல் அதே வாரத்தில் அவர்களுக்கும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். மூவருக்குமாக ஒரு ஷேரிங் குரூப் போட்டால் வெளிநாட்டு ஃபீட் எதிலும் வராத தடயங்கள் அதில் வரும்.